'தி ஸ்டெந்தால் சிண்ட்ரோம்': முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியத் திகில் படங்கள் பக்கம் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், யாரோ டாரியோ ஆர்ஜென்டோவின் 'தி ஸ்டெந்தால் சிண்ட்ரோம்' பாருங்கள் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1996இல் வந்த படம். கதைச் சுருக்கத்தைப் படித்தால் ஏற்கெனவே பார்த்த மாதிரிதான் தெரியும்: ஒரு பெண் போலீஸ் அதிகாரி, அவள் தேடும் தொடர் கொலைகாரன், ஒருவரை ஒருவர் துரத்துவது. அந்த நினைப்போடு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் குழப்பம் வந்துவிடும். கொலைகாரன் யார் என்பதை இந்தப் படம் மறைக்கவே இல்லை. முகமும் பெயரும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். பாதிப் படத்தில் வேட்டை முடிந்த மாதிரியும் இருக்கும். 'இன்னும் ஒரு மணி நேரம் என்ன செய்யப் போகிறார்கள்' என்று அலுத்துக்கொண்டு பலர் அங்கேயே எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் படம் அங்கேதான் சூடுபிடிக்கிறது.

ஆகவே 'யார்' என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பதில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: இந்தப் பெண் இப்போது எந்த ஓவியத்தின் முன் நிற்கிறாள், அது அவளை என்ன செய்கிறது? இனி சொல்லப்போவதெல்லாம் அதற்கான தயாரிப்புதான். படத்தின் பின்பாதியைப் பற்றிய பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அதுவரை தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது உங்களுக்கான படம்தானா?

கண்டிப்பாகப் பெரியவர்களுக்கு மட்டும். இரத்தத்தைவிடப் பெரிய சிக்கல் பாலியல் வன்முறை. நாயகி அன்னா மன்னி ரோம் போலீஸில் பாலியல் குற்றங்களை விசாரிக்கும் பிரிவைச் சேர்ந்தவள். அவள் தேடுபவன் பெண்களை வன்கொடுமை செய்து கொல்பவன். அவளும் அவன் கையில் சிக்குகிறாள். அந்தக் காட்சிகளைப் படம் ஓரத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. கொலைகாரன் வாயில் சவர பிளேடை வைத்துக்கொள்ளும் ஒரு காட்சி இருக்கிறது, இந்த வகைப் படங்களில் ஊறியவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த விஷயம் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள், பார்த்தே ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்று. அன்னாவாக நடித்தவர் ஆசியா ஆர்ஜென்டோ, இயக்குநரின் மகள். 1975இல் பிறந்தவர், படம் வெளிவந்தபோது வயது இருபது. ஒரு தந்தை தன் மகளை இப்படிப்பட்ட காட்சிகளில் நிறுத்திப் படமெடுத்தது இன்றுவரை விவாதமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதில் சங்கடம் உண்டு. ஆனால் அந்த வயதில் இவ்வளவு கனமான பாத்திரத்தை அவர் தூக்கி நிறுத்தியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தலைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஸ்டெந்தால் ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் புனைபெயர். இயற்பெயர் மரீ ஆன்ரி பேல். இந்தப் பெயரை மனதில் போட்டு வையுங்கள், பின்னால் உதவும். இத்தாலியப் பயணம் பற்றி 1817இல் அவர் வெளியிட்ட நூலில், ஃபிளாரன்ஸ் நகரத்துச் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குள் போன அனுபவம் வருகிறது. மைக்கலாஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ மூவரின் கல்லறைகளும் உள்ள இடம் அது. அங்கிருந்த சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு நெஞ்சு படபடத்தது, நடந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே ஊரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் வேலை பார்த்த மனநல மருத்துவர் கிராசியெல்லா மகெரினி ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஃபிளாரன்ஸைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயணிகளில் சிலர், கலைப்படைப்புகளுக்கு முன் நின்ற பிறகு தலைசுற்றல், பதற்றம், தான் யார் என்ற குழப்பம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அப்படி 106 பேரைப் பற்றி எழுதி, 1989இல் நூலாக்கி, இதற்கு ஸ்டெந்தாலின் பெயரை வைத்தார். மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியல்களில் இது இடம்பெறவில்லை. பயணக் களைப்பு, பசி, ஏற்கெனவே இருந்த மனச்சிக்கல் இவற்றோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. ஆர்ஜென்டோவுக்குத் தூண்டுதல் மகெரினியின் நூல்தான். சிறுவயதில் ஏதென்ஸில் பார்த்தெனான் கோயில் படிகளில் ஏறும்போது தனக்கே இப்படி ஒரு மயக்கம் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

படம் இந்த நோயை மருத்துவப் பாடமாக நடத்துவதில்லை. ஓவியம் கதவாகத் திறக்கும், அன்னா உள்ளே போய்விடுவாள். அந்த ஒரு விதியை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எந்தப் பிரதி, எந்த மொழி

வன்முறை காரணமாக வெட்டப்பட்ட பிரதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முழுப் படம் ஏறத்தாழ 2 மணி நேரம் ஓடும். அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய வீடியோ பிரதிகள் மங்கலாக இருக்கும், அவற்றில் பார்ப்பது வீண். ஒளிப்பதிவு செய்தவர் ஜுசெப்பே ரோத்துன்னோ, இத்தாலியின் பெரிய இயக்குநர்களான விஸ்கோன்டியோடும் ஃபெலினியோடும் வேலை செய்த பெரிய கை. ஓவியங்களின் நிறம்தான் இந்தப் படத்தின் பாதிக் கதை. அதனால் புதுப்பித்த பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பது மேல்.

மொழியில் தயங்கவே வேண்டாம். இத்தாலிய ஒலித்தடத்தோடு ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கொலைகாரன் ஆல்ஃப்ரெடோவாக வரும் தாமஸ் கிரெட்ச்மன் ஜெர்மன்காரர், சில இடங்களில் உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகத் தெரியலாம். பின்னால் குரல் சேர்ப்பது இத்தாலிய சினிமாவில் நெடுநாள் வழக்கம். மும்பையிலிருந்து வந்த கதாநாயகிகளுக்கு வேறு யாரோ பேசிய குரலைக் கேட்டே வளர்ந்த நமக்கு இது ஒரு குறையாகத் தோன்றாது.

ஓவியங்களை முன்கூட்டியே பாருங்கள்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். முதல் காட்சியே ஃபிளாரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்துக்குள் நடக்கிறது. உண்மையான உஃபிஸிக்குள் அனுமதி வாங்கி எடுத்தது. அங்கே அன்னாவுக்கு என்ன நேர்கிறது என்பதை வசனம் சொல்லாது, சுவரில் இருக்கும் படங்கள்தான் சொல்லும். அவை முன்பே பரிச்சயமாக இருந்தால் அந்தப் பத்து நிமிடம் வேறு மாதிரி இருக்கும். இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

போத்திசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' எல்லாருக்கும் தெரிந்தது. சிப்பி மேல் நிற்கும் தேவதை, இடப்பக்கம் ஊதும் காற்று. அதைப் பார்க்கையில் ஓரத்தில் இருக்கும் அந்தக் காற்றைக் கவனியுங்கள். அடுத்து பாவ்லோ உச்செல்லோவின் 'சான் ரோமானோ போர்'. 1432இல் ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடந்த சண்டையை மூன்று பலகைகளில் வரைந்தார். ஒன்று இங்கே, ஒன்று லண்டனில், ஒன்று பாரிஸில். ஈட்டிகளும் குதிரைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் படம். இதன் முன் அன்னா நிற்கும்போது திரையைவிட ஒலியைக் கவனிக்க வேண்டும்.

கரவாஜியோவின் 'மெடூசா' 1597 வாக்கில் வரைந்தது. கேடயத்தின் மேல் தீட்டிய தலை. துண்டான கழுத்திலிருந்து இரத்தம் பீறிடுகிறது, வாய் அலறலில் திறந்திருக்கிறது, தலைமுடி முழுக்கப் பாம்புகள். மெடூசாவைப் பார்த்தவர் கல்லாவார் என்பது கிரேக்கக் கதை. கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துத்தான் பெர்சியுஸ் அவள் தலையை வெட்டினான். பார்ப்பதே ஆபத்து என்ற இந்தப் படத்தின் எண்ணம் மொத்தமும் அந்த ஒரு கேடயத்தில் இருக்கிறது. அலறும் அந்த வாய் உங்கள் நினைவில் நன்றாக நிற்கட்டும்.

இவற்றைவிட முக்கியமானது ப்ரூகெலின் பெயரில் வழங்கும் 'இக்காரஸ் விழும் நிலக்காட்சி'. அன்னா மயங்கி விழுவது இதன் முன்தான். முதல் பார்வையில் அமைதியான படம்: முன்னால் ஒருவன் ஏர் உழுகிறான், மேய்ப்பன் வானத்தைப் பார்க்கிறான், கப்பல் போகிறது. மெழுகால் ஒட்டிய சிறகோடு சூரியனுக்கு அருகே பறந்த கிரேக்கக் கதை இளைஞன் இக்காரஸ் எங்கே? வலது கீழ் மூலையில், கடலுக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும். மெழுகு உருகிச் சிறகு கழன்று ஒருவன் கடலில் விழுந்து சாகிறான், ஏர் பிடித்தவன் தலைகூடத் திருப்பவில்லை. படத்தில் அன்னா நேராக அந்தக் கடலுக்குள் போகிறாள். ஒரு தகவல்: இந்த ஓவியம் ஃபிளாரன்ஸில் இல்லை. இருப்பது பிரஸ்ஸல்ஸின் அரச அருங்காட்சியகத்தில். மூலம் தொலைந்துபோய், இது அதன் நகல் என்று கருதும் அறிஞர்கள் நிறைய. ஆர்ஜென்டோ தனக்கு வேண்டும் என்று அதை உஃபிஸி சுவரில் மாட்டியிருக்கிறார். இதைப் பிழை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூட்டத்துக்கு நடுவே ஒருத்தி விழப்போகிறாள், அதைக் கவனிப்பவன் ஒரே ஒருவன். இந்தக் காட்சிக்கு வேறு எந்த ஓவியம் பொருந்தும்?

கடைசியாக ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இரவுக் காவல்'. மூலம் ஆம்ஸ்டர்டாமில். படத்தில் அது ஒரு ஓட்டல் அறையின் சுவரில் தொங்கும் நகலாக வருகிறது. ஆயுதம் ஏந்தி ரோந்துக்குக் கிளம்பும் ஊர்க்காவலர் கூட்டம். தான் யார் என்பதே மறந்துபோன ஒரு போலீஸ்காரி தன் வேலையை நினைவுக்குக் கொண்டுவருவது இதன் வழியாகத்தான்.

பார்க்கும்போது

முதல் பதினைந்து நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள். அன்னா யார், ஃபிளாரன்ஸுக்கு ஏன் வந்தாள் என்று உங்களுக்கும் தெரியாது, மயங்கி எழுந்த அவளுக்கும் தெரியாது. கைப்பையைக் குடைகிறாள், ஓட்டல் சாவியை வைத்து அறையைக் கண்டுபிடிக்கிறாள். அவளோடு சேர்ந்து நீங்களும் தடவித் தடவிப் போக வேண்டும். அருங்காட்சியகத்தில் அவளுக்கு உதவ வருபவன் முகத்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரவுக் காவல் காட்சியில் காலம் பின்னால் போகும். ரோமில் நடந்த ஒரு கொலையும் அவள் ஃபிளாரன்ஸுக்கு அனுப்பப்பட்ட காரணமும் அங்கே வருகின்றன. அது முந்தைய நிகழ்வு என்று எழுத்துப் போட்டெல்லாம் சொல்ல மாட்டார்கள். ஓவியத்துக்குள் போனாள் என்றால் நினைவுக்குள் போனாள் என்று எடுத்துக்கொண்டால் தடுமாற்றம் இருக்காது.

அதன் பிறகு கதை மூன்று ஊர்களில் நகர்கிறது: ஃபிளாரன்ஸ், ரோம், அன்னாவின் தந்தையும் சகோதரர்களும் இருக்கும் வித்தெர்போ. ஊரைவிட அவள் தலைமுடியை வைத்துக் கணக்கு வைத்துக்கொள்வது சுலபம். முதலில் நீளமான கருங்கூந்தல். அப்புறம் ஒட்ட வெட்டிய முடி, ஆண் உடை, குத்துச்சண்டைப் பயிற்சி. அப்புறம் பொன்னிற விக். ஒவ்வொரு மாற்றத்திலும் அவள் நடை, பேச்சு, மற்றவர்களைத் தொடும் விதம் எல்லாம் மாறுகின்றன. இதை விட்டுவிட்டால் படம் துண்டு துண்டாகத் தெரியும், பிடித்துக்கொண்டால் ஒரே கோடாகத் தெரியும்.

காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இசை எனியோ மோரிக்கோனே. ஆர்ஜென்டோவின் முதல் மூன்று படங்களுக்கும் இசையமைத்துவிட்டு, 1971க்குப் பிறகு பிரிந்திருந்தவர், இதற்காகத் திரும்பி வந்தார். சொற்கள் இல்லாத ஒரு பெண்குரல், ஒரே சின்ன மெட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கும் போய்ச் சேராத மெட்டு. அது எந்த ஓவியத்தோடு ஆரம்பிக்கிறது, ஓவியமே இல்லாத இடத்தில் எப்போது கேட்கத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

கணினி வரைகலையைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் அதைப் பயன்படுத்திய முதல் படம் இதுதான் என்பார்கள். விழுங்கிய மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதை உள்ளிருந்து காட்டும் காட்சி ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் உஃபிஸி காட்சியில் அதே நுட்பம் இன்றும் நிற்கிறது.

இனி வருவது படம் முடிந்த பிறகு படிக்க

பார்த்துவிட்டீர்களா? சரி.

பாதியில் ஆல்ஃப்ரெடோவை அன்னா கொன்று ஆற்றில் தள்ளுகிறாள். சாதாரணத் துரத்தல் படம் அங்கே முடிந்திருக்கும். இதில் கொலைகள் தொடர்கின்றன. அவன் சாகவில்லை, திரும்பி வந்துவிட்டான் என்று அன்னா நம்புகிறாள், நம்மையும் நம்ப வைக்கிறாள். பிறகு அவன் உடல் கிடைக்கிறது. துப்பறிபவளும் கொலைகாரனும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள்.

இதைக் கடைசி நிமிடத் திருப்பம் என்று பலர் குறை சொல்வார்கள். இரண்டாம் முறை பாருங்கள், படம் எதையும் ஒளிக்கவில்லை என்பது தெரியும். பொன்னிற விக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்துத் தழும்பை மறைக்கத்தான் போட்டிருக்கிறாள் என்று நினைக்கிறோம். ஆல்ஃப்ரெடோவின் முடியும் பொன்னிறம்தான். காயத்தை மூடுவதற்காக, காயப்படுத்தியவன் தோற்றத்தையே எடுத்துக்கொள்கிறாள். குத்துச்சண்டையும் ஆண் உடையும் ஏதோ தேறி வருவதற்கான முயற்சி போலத்தான் முதலில் பட்டன, அதற்கும் இப்போது வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

அப்புறம் அந்த பிரெஞ்சு இளைஞன். அவன் பெயர் மரீ. ஆணுக்கு ஏன் பெண் பெயர் என்று படத்திலேயே பேச்சு வரும். முழுப்பெயர் மரீ பேல், அதாவது ஸ்டெந்தாலின் இயற்பெயர்தான். நோய்க்கு யாருடைய பெயரோ அவரே காதலனாக வந்து சாகிறார். இதில் ஆர்ஜென்டோ கொஞ்சம் குறும்பு செய்திருக்கிறார். பிரெஞ்சு இலக்கியம் தெரியாதவர்களுக்கு இது பிடிபடாது, பிடிபடாவிட்டாலும் கதைக்கு நஷ்டமில்லை.

பலவீனங்களும் இருக்கின்றன. நடுவில் வித்தெர்போ வீட்டுக் காட்சிகள் தொய்கின்றன. மனநல மருத்துவர் கவானா பாத்திரம் விளக்கம் சொல்வதற்கென்றே வந்து போகிறது. சக போலீஸ்காரனும் காதலனுமான மார்கோவுக்குப் பெரிதாக எழுதப்படவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் தெருவில் தடுமாறி நடக்கும் அன்னாவைப் போலீஸ்காரர்கள் கூட்டமாக வந்து தூக்கிச் செல்கிறார்களே, அதைச் சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுவின் உடலைத் தாங்கி நிற்கும் பழைய இத்தாலிய ஓவியங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதுவரை ஓவியங்களுக்குள் போய்க்கொண்டிருந்தவள் கடைசியில் தானே ஒன்றாகிவிட்டாள் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து என்ன பார்ப்பது

ஆர்ஜென்டோவின் முதல் படம் 'தி பேர்ட் வித் தி கிறிஸ்டல் ப்ளுமேஜ்', 1970. அதிலும் ஒரு ஓவியம்தான் கொலைகளுக்கு வேர். ஒரு சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவன், தான் பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொள்வது கதை. அடுத்து 1975இல் வந்த 'டீப் ரெட்', பெரும்பகுதி டூரின் நகரத்தில் எடுத்தது. ஒரு நடைக்கூடத்தில் நாயகன் கண்ட ஏதோ ஒன்று அவன் நினைவிலிருந்து நழுவிவிட்டது. நாமும் அதைப் பார்த்திருப்போம், கவனித்திருக்க மாட்டோம். அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவதாக 1987இன் 'ஓபரா'. கொலையிலிருந்து கண்ணை மூடிக்கொள்ள முடியாதபடி நாயகியின் கண்ணுக்குக் கீழே ஊசிகளை ஒட்டிவைக்கும் கொலைகாரன் வருவது இதில்தான். மனம் திடமாக இருக்கும் நாளில் பாருங்கள்.

இந்த வகைப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிய வேண்டுமானால் மாரியோ பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' (1964) போதும். கையுறை, கோட்டு, முகமில்லாத கொலைகாரன் எல்லாம் அதில் தயாராக இருக்கின்றன. ஆர்ஜென்டோ எடுத்து 2004இல் வந்த 'தி கார்டு ப்ளேயர்' படத்திலும் ரோம் நகரத்துப் பெண் போலீஸ் அதிகாரி ஒருத்தி வருகிறாள், பெயரும் அன்னாதான். கொலைகாரன் இணையத்தில் சீட்டாட அழைக்கிறான், போலீஸ் தோற்றால் கடத்தப்பட்ட பெண் சாகிறாள். யோசனை நன்றாக இருக்கிறது, படம் சுமார்தான். வரிசையில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.